ஃப்ரீசருக்குள் ஓடும் ஃபேன்

சீலிங் ஃபேன் சத்தம் போட்டால், ஏணி வைத்து ஏறிப் பார்க்காமலே கோளாறைச் சொல்லிவிடுவார் காயில்காரர். கிறீச்சென்றால் பேரிங். அடைத்த குரலில் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் கண்டென்ஸர். டொக் டொக்கென்று தலையாட்டினால் மேலே கொக்கியில் ரப்பர் தேய்ந்திருக்கும். கடைக்கு வருகிறவர்கள் ஃபேனைக் கொண்டுவருவதற்கு முன் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார்கள். நல்ல உடம்புக்காரர் ஒருவர் கடை வாசலில் நின்றுகொண்டு "ங்ஙொய்ய்" என்று இழுப்பார். இவர் கம்பி சுற்றுகிற கையை நிறுத்தாமல், "புஷ் போயிடுச்சுங்க, கழட்டிக்கிட்டு வாங்க" என்பார். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற காயில்காரர் என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு, அன்று காலையில் தன் வீட்டிலேயே கேட்ட சத்தம் என்னவென்று பிடிபடவில்லை.

டீ போட்டுக்கொண்டிருந்தார். கிர்ர்ரென்று சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி கிர்ர்ர், கூடவே டக் டக் டக். தலைக்கு மேலே ஓடிய ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அது நல்ல பிள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது.

"அப்பா, அது நேத்து மத்தியானமே லேசா கேட்டுச்சு" என்றாள் மகள், அறைக்குள்ளிருந்து. காய்ச்சலில் அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"தெருவுல ஏதோ வண்டின்னு நினைச்சேன்."

வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். மருமகன் கப்பலில் வேலை. அவர் கரைக்கு வர இன்னும் நாளாகும் என்பதால் மகள் பிரசவத்துக்கு இங்கே வந்தாள். வந்த இடத்தில் நாள் கூடுவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை ஒரு கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வரும்வரை மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தாய்ப்பாலைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் மகள் வீட்டில் ஒரு சின்ன மெஷினை வைத்துப் பாலை எடுத்து, குட்டிக் குட்டி பாட்டில்களில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதிய பட்டையை ஒட்டி ஃப்ரீசரில் வைப்பாள். தினமும் மதியம் ஐஸ் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவாள்.

காயில்காரர் சமைப்பார், துணி துவைப்பார், மகளுக்கு முதுகு வலித்தால் வெந்நீர்ப் பை வைத்துக் கொடுப்பார். ஆனால் இந்தப் பால் விஷயம் மட்டும் அவரால் முடியவில்லை. அறைக்குள் மெஷின் ஓடத் தொடங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். அதன் பெயரை அவர் வாயால் சொன்னதே கிடையாது. "அது எடுத்தாச்சா?", "அது போதுமா?" என்பதோடு சரி. ஃப்ரிட்ஜ் இருந்ததோ முன்னறையில். வாசலில் நிற்கிறவர்களுக்குக்கூட அது தெரியும். வருகிறவர் போகிறவர் ஐஸ் கட்டி கேட்டுக் கதவைத் திறந்தால் இந்த பாட்டில்கள் கண்ணில் படுமே என்று ஒரு துண்டை எடுத்து அவற்றின் மேல் போர்த்தி, கீழே தொங்கவிட்டு வைத்திருந்தார்.

முந்தின நாள் மாலையிலிருந்து மகளுக்குக் காய்ச்சலும் இருமலும். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தபோது நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "சளி முழுசா போற வரைக்கும் வார்டு பக்கம் வராதீங்கம்மா. ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கீங்கல்ல, அதை வீட்டுல வேற யார்கிட்டயாவது கொடுத்து விடுங்க." வேறு யார் என்றால் அப்பாதான். காய்ச்சலில் பாலும் குறைந்துபோய், காலையில் எடுத்தது பாட்டிலின் அடியை நனைத்ததோடு நின்றுவிட்டது. ஆகவே குழந்தைக்கு இனி வருகிற நாட்களுக்கு உள்ளதெல்லாம் ஃப்ரீசரில் இருப்பதுதான்.

கீழ்க் கதவைத் திறந்தார். குளிர்ச்சி முகத்தில் அடிக்கவில்லை. நேற்று வாங்கி வைத்த பாக்கெட் பாலை முகர்ந்து பார்த்தார், புளித்துவிட்டது. தக்காளி வெதுவெதுப்பாக இருந்தது. மேல் கதவைத் திறந்தார். திறந்ததும் சத்தம் நின்றது. மூடினார். மறுபடி கிர்ர்ர். திறந்தார், நின்றது.

"திறந்தா நிக்குது, மூடினா கத்துது" என்றார். "திருட்டுப் பய."

கதவின் ஓரத்தில், மூடும்போது அமுங்குகிற சின்ன பித்தான் ஒன்று இருந்தது. அதை விரலால் அமுக்கினார். ஃப்ரீசரின் பின்சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"அட, உள்ள ஃபேன் இருக்கும்மா! குளிரை ஊதிவிடுற ஃபேன். இதைத் தள்ளினாத்தான் கீழ வரைக்கும் குளிர் போகும். எதுலயோ இறக்கை தட்டுது. இவ்வளவுதான் சங்கதி."

மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டாள். "மெக்கானிக்கைக் கூப்பிடலாம்ப்பா."

"எந்த மெக்கானிக்கை? ஃபேனுக்கு எங்கிட்ட வராம எங்க போவாங்க?"

"நான் மாமாவைச் சொன்னேன்."

அவர் திருப்புளியைத் தேடப் போனார்.

மாமா என்று அவள் சொன்னது அவருடைய மனைவியின் தம்பியை. ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றுகிறவர் என்பதால் கேஸ்காரர் என்று பெயர். முன்பு இரண்டு பேரும் ஒரே கடையில்தான் இருந்தார்கள். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருத்தர் புதுமாதிரி மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இவரிடம் நீட்ட, கேஸ்காரர் அதை நடுவில் வாங்கி, "இது அத்தானுக்குப் புரியாது, எங்கிட்ட கொடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த வாரமே கடைக்கு நடுவே ப்ளைவுட் தட்டி எழும்பியது. இரண்டு கடையானது. மனைவி உயிரோடு இருந்தவரை ஒரே தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து, தட்டிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் பிறகு அதுவும் இல்லை. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாட்டில்களை ஒரு அண்டாவில் அடுக்கி, மேலே இருந்த ஐஸ் கட்டிகளைக் கொட்டி, போர்த்தியிருந்த துண்டாலேயே மூடச் சொன்னார். மகள் அடுக்கினாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பின்தகட்டின் திருகுகளைக் கழற்றினார். திருகு வந்தது. தகடு வரவில்லை. நெம்பினார். சடாரென்று பாதி பிரிந்து வந்தது. உள்ளே பார்த்தால் ஒரே ஐஸ். குழாய் எது, கம்பி எது என்று தெரியாதபடி வெள்ளைப் பாறையாக இறுகியிருந்தது. அதற்கு நடுவே ஒரு சின்ன ஃபேன், கழுத்துவரை புதைந்த மாதிரி. இறக்கை நுனி ஐஸில் உரசி உரசி ஒரு வட்டம் போட்டிருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் சந்தோஷமாக.

பொறுமையாக இருந்திருந்தால் அது அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அண்டாவில் பாட்டில்கள் இருந்தன, மகள் அவற்றின் மேலேயே கண்ணாக நின்றாள், அவருக்குக் கை பரபரத்தது. திருப்புளியை உளியாக வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். சில்லு சில்லாக ஐஸ் தெறித்தது. நாலைந்து தட்டு நன்றாகத்தான் போனது. அடுத்த தட்டில் 'படக்' என்றொரு சத்தம். இறக்கையில் ஒரு துண்டு உடைந்து தரையில் சறுக்கிக்கொண்டு போனது.

மகள் குனிந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இறக்கை போனா என்ன? ஒட்டிக்கலாம். மோட்டார் ஓடுதான்னு பாப்போம்" என்றார். அவர் குரலில் இப்போது முன்பிருந்த சுருதி இல்லை. பிளக்கைச் சொருகி, பித்தானை அமுக்கினார். ஃபேன் அசையவில்லை. அடித்த அடியில் உள்ளே ஏதோ போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தனியாகக் கழற்றி எடுத்தார். அதிலிருந்து நூல் மாதிரி வயர்கள் பல நிறத்தில் வந்தன. சுற்றுவதற்கு ஒரு காயில் இல்லை, மாற்றுவதற்கு ஒரு புஷ் இல்லை. பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை மாதிரி இருந்தது.

கடையில் எந்த மோட்டாரையும் அவர் பல்பு வைத்த வயரால்தான் சோதிப்பார். வீட்டிலும் ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சுவர் பிளக்கில் சொருகி, இரண்டு முனைகளையும் மோட்டார் வயருக்குக் கொண்டுபோனார்.

"இருங்கப்பா. இதுல ஏதோ எழுதியிருக்கு."

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியலை. படி."

மோட்டாரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். "டிசி, பன்னிரண்டு வோல்ட்."

அவர் கை அப்படியே நின்றது. சுவரிலிருந்து வருகிற கரண்ட்டை இதற்குள் விட்டிருந்தால் மிச்சமிருந்ததும் புகையாகப் போயிருக்கும். வயரை மெதுவாகப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது எனக்குப் புரியலைம்மா" என்றார்.

மகள் அண்டாவின் துண்டை விலக்கி ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் வைத்து உருட்டினாள். "ஓரம் இளகுதுப்பா. முழுசா உருகிட்டா திரும்ப உறைய வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கொட்டத்தான் வேணும். இத்தனையும் கொட்டிட்டா..." அதற்கு மேல் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

காயில்காரர் எழுந்து சட்டையை மாட்டினார். பித்தானைப் போட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார்.

கடைத்தெருவில் வெயில் ஏறியிருந்தது. கேஸ் கடை வாசலில் கதவில்லாத ஃப்ரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. கேஸ்காரர் தரையில் குந்தியிருந்து ஒரு செப்புக் குழாய்க்கு நெருப்பு காட்டிப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். நெருப்பை அணைத்தார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என்ன அத்தான்?" என்றார் கேஸ்காரர், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போன மாதிரி.

"ஃப்ரிட்ஜ்ல உள் ஃபேன் நின்னுபோச்சு."

"யார் வீட்ல?"

"நம்ம வீட்லதான்."

"அக்கா வாங்கின அந்த ரெண்டு கதவா? சத்தம் போட்டுச்சா, சும்மா நின்னுச்சா?"

"சத்தம் போட்டுச்சு. நான் கொஞ்சம் தட்டினேன். அதுக்கப்புறம் போடலை."

கேஸ்காரர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் வர்றேன். இந்தக் குழாயை ஒட்டி முடிச்சிடறேன்."

"சாயங்காலம் ஆகாது மச்சான். ஃப்ரீசர்ல பாப்பாவுக்கு... அது இருக்கு."

"எது?"

"அதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது."

"மருந்தா?"

"மருந்துன்னும் வச்சுக்கலாம்."

"என்ன அத்தான், விடுகதை போடுறீங்க? தாய்ப்பாலா?"

"மெதுவா பேசு" என்று காயில்காரர் எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கேஸ்காரர் அதற்குள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாப்பா பொறந்தது எனக்குத் தெரியும். நீங்க மாப்பிள்ளைகிட்ட ஃபோன்ல சொன்னது தட்டி வழியா கேட்டுச்சு. எடை குறைவுன்னு சொன்னீங்க. எனக்கு அன்னிக்கு வேலையே ஓடலை. வந்து பாக்கலாம்னா, கூப்பிடாம எப்படி வர்றது?"

"கூப்பிட்டிருக்கணும்" என்றார் காயில்காரர்.

"சரி விடுங்க. வண்டியில ஏறுங்க."

பைக்கின் பின்னால் இருந்த கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அத்தானையும், அவர் மடியில் தெர்மாகோல் பெட்டியையும், அதன்மேல் கருவிப் பையையும் ஏற்றினார். கடைக்குள் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து மோட்டாரையும் இறக்கையையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளவும் மறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேஸ்காரர் ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை. "பாட்டில் எங்கம்மா?" என்றார்.

"மாமா!" என்றாள் மகள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்டாவைக் காட்டினாள்.

ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். "இதெல்லாம் கல்லு. ஒண்ணும் ஆகலை. மேலே இருந்த இந்த ரெண்டு மூணுதான் ஓரத்துல தண்ணி விட்டிருக்கு, நடுவுல இன்னும் ஐஸ் இருக்கு. இதை ஐஸோட தனியா வை, இன்னிக்கே பாப்பாவுக்குக் கொடுத்துடலாம். மத்ததை நான் கடைக்குக் கொண்டுபோறேன். ரிப்பேர் முடிச்ச ஃப்ரீசர் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, சொந்தக்காரன் இன்னும் எடுத்துட்டுப் போகலை. அதுல நாலு நாள் இருந்தாலும் பயமில்லை."

பெட்டியில் அடுக்கினார். ஒரு பாட்டிலின் பட்டையைப் பார்த்து, "அடேயப்பா, விடியக்காலம் எழுந்து எடுத்திருக்கியே" என்றார், சந்தையில் காய் பார்க்கிறவர் மாதிரி சர்வ சாதாரணமாக. காயில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டில்களைக் கடை ஃப்ரீசரில் சேர்த்துவிட்டு, பெட்டியோடு திரும்பி வந்து வேலையைத் தொடங்கினார். ஐஸைத் தட்டவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "ஆவி செய்யும் வேலையை. நாம டீ குடிப்போம்."

டீ குடித்தார்கள். ரொட்டியைச் சுட்டு, முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்துக் கொடுத்தார் காயில்காரர். சட்டித் தண்ணீர் ஆறியதும் மாற்றினார்கள். கதவுக்குள் பொத் பொத்தென்று ஐஸ் விழுகிற சத்தம் கேட்டது. கீழே பழந்துணி போட்டுப் பிழிந்து பிழிந்து மகளின் துணி துவைக்கிற வாளி நிறைந்தது.

ஐஸ் போனதும் குழாய்கள் தெரிந்தன. கேஸ்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "ஐஸ் சேர்ந்தா உருக்கிவிடறதுக்கு அடியில ஒரு ஹீட்டர் இருக்கும். பெரும்பாலும் அதுதான் போகும். இதுல நல்லாத்தான் இருக்கு. தண்ணி இறங்குற ஓட்டையும் அடைக்கலை." தலையைச் சொறிந்தார். "அப்புறம் எப்படி இவ்வளவு ஐஸ்?"

"ஃபேன் நின்னதாலயா?" என்றார் காயில்காரர்.

"இல்லை அத்தான். ஐஸ் சேர்ந்ததாலதான் ஃபேன் இடிச்சிருக்கு. வெளிக் காத்து எங்கயோ உள்ள வருது. காத்துல இருக்கிற ஈரம் பூரா உள்ள போய் ஐஸா உட்காருது."

ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகப் பிடித்தது. இடம் மாற்றி மாற்றிச் சுற்றிலும் இழுத்தார். எல்லா இடத்திலும் பிடித்தது. ரப்பரில் குறையில்லை. கீழ் மூலைக்கு வந்தபோது குனிந்து பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் ரப்பரில் ஒரு மடிப்புத் தடம் விழுந்திருந்தது.

"இங்க ஏதாவது சொருகி வச்சிருந்தீங்களா? துணி மாதிரி?"

அண்டாவின் மேல் கிடந்த துண்டை மகள் எடுத்தாள். அதன் ஒரு நுனி விறைத்து, மடிந்து, அழுக்குக் கோடு விழுந்து கிடந்தது. கேஸ்காரர் அதை வாங்கி அந்த மூலையில் வைத்துக் கதவை மூடிக் காட்டினார். கோடும் தடமும் பொருந்தின. கதவு மூடின மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் கையைப் பக்கத்தில் வைத்து, "இந்த இடைவெளி போதும்" என்றார். "யார் போட்டது இதை?"

"நான் போடலை மாமா."

காயில்காரர் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான். வர்றவங்க கண்ணுல படக் கூடாதேன்னு."

"என்ன கண்ணுல படக் கூடாது?" என்றாள் மகள்.

"இல்லம்மா, நாலு பேர் வந்து போற வீடு..."

"நாலு பேர் பாத்தா என்னப்பா? நான் என்ன திருட்டுச் சாமானா வச்சிருக்கேன்?" காய்ச்சல் முகம் இன்னும் சிவந்தது. "நான் மெஷினை எடுத்தா நீங்க தெருவுக்கு ஓடுறீங்க. பேசும்போது அது, அதுங்கிறீங்க. என் புள்ளையை நான் தூக்க முடியலை. மடியில போட முடியலை. அவளுக்குன்னு என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் துணி போட்டு மூடி வச்சா, நான் ஏதோ அசிங்கம் பண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்குப்பா."

கேஸ்காரர் கருவிகளைத் துடைப்பதிலேயே மும்முரமாக இருந்தார். கடைசியில் காயில்காரர், "உங்கம்மா இருந்திருந்தா இதெல்லாம் அவ பாத்திருப்பா. எனக்குத் தெரியலைம்மா" என்றார். "அசிங்கம்னு நான் நினைக்கலை. சத்தியமா இல்லை. எப்படிப் பேசுறதுன்னுதான் தெரியலை."

"தாய்ப்பால்னு சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றாள் மகள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆண்கள் இரண்டு பேரும் மோட்டாரைப் பொருத்தினார்கள். கேஸ்காரர் வயர்களின் நிறம் சொல்ல, காயில்காரர் முறுக்கி ஒட்டினார். அந்த ஒட்டு வேலையில் அவர் கைக்கு ஈடில்லை. கேஸ்காரரே ஒரு தடவை, "இவ்வளவு சுத்தமா எனக்கு வராது" என்றார். தகட்டை மூடி, பிளக்கைச் சொருகி, பித்தானை அமுக்கினார்கள். புதுசாக வந்த பழைய ஃபேன் லேசாகச் சிணுங்கி, பிறகு ஒரே சீராக ஓடியது. கையை நீட்டினால் விரலிடுக்கில் காற்று வந்தது.

"குளிர் ஏறுறதுக்கு சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க" என்று கேஸ்காரர் எழுந்தார். "இளகின பாட்டிலை யார் கொண்டுபோறது?"

"நான்தான்" என்றார் காயில்காரர். "நீ கொஞ்சம் வண்டியில கொண்டுவிடு."

மகள் படுக்கையிலிருந்தே சொன்னாள். "வார்டு வாசல்ல ஒரு ஜன்னல் இருக்கும். அங்க ஆயாம்மா வாங்கிப்பாங்க. என் பேரு, பெட்டி நம்பர் சொல்லணும். என்னன்னு தெளிவா சொல்லுங்கப்பா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நல்ல கூட்டம். தூக்குப் பாத்திரங்களோடு, மடித்த துணிகளோடு, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு என்று பலவிதமான ஆட்கள். ஜன்னலுக்கு முன்னால் வரிசை மெதுவாக நகர்ந்தது. காயில்காரர் ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கேஸ்காரர் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"என்ன கொண்டுவந்திருக்கீங்க?" என்றாள் ஜன்னலுக்குள்ளிருந்த ஆயா. உள்ளே பல மெஷின்கள் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேசினாள்.

"பாலுங்க" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"என்னது?"

"பால்."

"பாக்கெட் பாலா? வெளிப் பாலெல்லாம் இங்க வாங்க மாட்டோம். பச்சைப் புள்ளைங்க வயிறு. டாக்டர் பாத்தா என்னைத் தொலைச்சுடுவார். தள்ளுங்க, அடுத்த ஆளு!"

பின்னால் நின்றவர் ஜன்னலுக்குள் கையை நீட்டிவிட்டார். காயில்காரர் நகரவில்லை. பெட்டியை ஜன்னல் கட்டைமேல் வைத்தார்.

"அம்மா, இது தாய்ப்பால்" என்றார். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "என் பொண்ணோட பால். என் பேத்திக்குக் கொண்டுவந்திருக்கேன். அவளுக்குக் காய்ச்சல், வர முடியலை. உறைய வச்சது, ஓரம் இளகிடுச்சு. இன்னிக்கே கொடுத்துடணும்."

வராந்தாவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர் மட்டும், "சீக்கிரம் கொடுங்க பெரியவரே" என்றார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று ஆயா பாட்டிலை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். உள்ளே போய் நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் தலையாட்டினாள். "நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க, தாத்தா. இங்க இருந்தது காலையோட முடிஞ்சுபோச்சு. பாப்பாவைப் பாத்தீங்களா?"

பிறந்த அன்று துணிச்சுருளாக ஒரு கணம் காட்டினார்கள். அதற்குப் பிறகு, அது அம்மாக்கள் வருகிற இடம் என்று அவர் இந்தப் பக்கமே வரவில்லை.

"அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெதுவெதுப்பாக்கிய பாலோடு நர்ஸ் வந்தாள். பெட்டிக்குள் இருந்த பேத்தி அவர் விரலளவு கால்களை மடக்கிக்கொண்டு தூங்கினாள். மூக்கிலிருந்து வந்த நூல் மாதிரிக் குழாயின் நுனியில் ஒரு சிரிஞ்சைப் பொருத்தி, அதில் பாலை ஊற்றி, நர்ஸ் அதை உயரே தூக்கிப் பிடித்தாள். அமுக்கவில்லை, தள்ளவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். பால் மட்டம் மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இறங்கியது. குழந்தை தூக்கத்திலேயே உதட்டைக் குவித்துச் சப்பியது.

நர்ஸ் வெளியே வந்தபோது கேட்டார். "அதுல மோட்டார் ஏதும் இல்லையாம்மா?"

"இல்லை தாத்தா. உயரப் பிடிச்சா தானா இறங்கும். எவ்வளவு வேகம்னு அவதான் முடிவு பண்ணுவா."

வராந்தாவுக்கு வந்தார். கேஸ்காரர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாங்க?"

"குடிக்கிறா" என்றார் காயில்காரர். "போய்ப் பாரு. அம்மாவோட தாய்மாமன்னு சொல்லு, விடுவாங்க."

கேஸ்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். காயில்காரர் காலிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு ஃபோன் செய்தார். முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"குடிச்சாளாப்பா?"

"முழுசா குடிச்சிட்டா. தூங்கிக்கிட்டே குடிக்கிறாம்மா. உதட்டை இப்படிக் குவிச்சு..." என்று ஃபோனில் அவள் பார்க்க முடியாது என்பதை மறந்து தன் உதட்டைக் குவித்துக் காட்டினார்.

"மாமா எங்க?"

"உள்ள போயிருக்கான். கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கிறான். நர்ஸ் விரட்டினாலும் வர மாட்டான் போல."

மகள் சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "நாளைக்கு எத்தனை பாட்டில் வேணும்னு கேட்டுக்கிட்டு வாங்கப்பா. அதுக்குத் தக்கபடி மாமா கடையிலிருந்து எடுக்கணும்" என்றாள்.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"ஆயாம்மா" என்று அவர்கள் தலைக்கு மேலாகக் கூப்பிட்டார். "நாளைக்குத் தாய்ப்பால் எத்தனை பாட்டில் கொண்டுவரட்டும்?"